தாவியோடும் விளையாட்டுக்கு முழுவிலை தகுமா?

ஒரு பொருளின் பெறுமதியும் அதன் விலையும் எக்காலத்தும் ஒன்றாய் நின்றதில்லை. பெறுமதி பொருளோடு பிறப்பது; விலையோ பெரும்பாலும் சந்தை வழக்கத்தாற் பிறப்பது. அவ்வழக்கம் எவ்வாறு உண்டாயிற்று என்பதை ஆராயாது, விலையைக் கொண்டே பெறுமதியை அளப்போர் பலர். வீடியோ விளையாட்டு உலகில் இன்று நடைபெறும் ஒரு வழக்கு இதற்குத் தக்க சான்றாகும். பக்கவாட்டில் நகரும் திரையிலே தாவியும் ஓடியும் ஆடப்படும் புதிய விளையாட்டுக்கு முழுவிலை கேட்பது முறையா என்பதே அவ்வழக்கு. அதன் வரலாற்றை ஈண்டு சிறிது நோக்குவாம்.

இவ்விளையாட்டை அறியாத முதியோர் பொருட்டு ஒரு விளக்கம் வேண்டும். இதிலே கதாநாயகனை நாம் பக்கத்திலிருந்து காண்கின்றோம். அவன் படிகளில் ஏறிக் குழிகளைத் தாவி, பகைவரைத் தப்பி முன்னேற, திரையும் அவனுடன் நகரும். படத்துக்கு நீளமும் உயரமும் உண்டு; ஆழம் இல்லை. இதனைப் பிளாட்போம் விளையாட்டு என்பர். முப்பரிமாண விளையாட்டிலோ ஆடுபவன் நாற்றிசையும் சென்று வரலாம். அமெரிக்கச் சந்தையிலே பெரிய நிறுவனங்களின் புதிய விளையாட்டுகள் பல்லாண்டுகளாக 60 டொலருக்கு விற்கப்பட்டன. 2020 முதல் 70 டொலர் கேட்பனவும் பல. தாவியோடும் விளையாட்டுக்கு மட்டும் 15 அல்லது 20 டொலரே போதும் என்பது வாங்குவோர் பலரின் எண்ணம். "தட்டைப் படத்துக்கு இத்துணை விலையா?" என்பது அவர்கள் கேள்வி.

இக்கேள்வி ஆதியில் இருந்ததன்று. 1981இல் யப்பானின் நிண்டெண்டோ நிறுவனத்துக்காக ஷிகெரு மியமொட்டோ அமைத்த டொங்கி கொங் விளையாட்டில் தாவல் இருந்தது, திரை நகரவில்லை. 1984இல் நம்கோ வெளியிட்ட பக்-லான்ட் விளையாட்டில் திரையும் நகர்ந்தது. 1985 செப்ரெம்பர் 13ஆம் நாள் வெளிவந்த சுப்பர் மாரியோ பிறதர்ஸ் இவ்விரண்டையும் இணைத்து உலகையே ஈர்த்தது. அதன் கசெற்றில் அடங்கியிருந்தது ஏறக்குறைய 40 கிலோபைற்று மாத்திரமே. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு நிழற்படமே அதனிலும் பன்மடங்கு பெரிது. அச்சிறு இடத்துள் 32 கட்டங்களை அமைத்தனர். முகிலுக்கும் புதருக்கும் ஒரே உருவத்தை வரைந்து, நிறத்தை மட்டும் மாற்றினர் என்றால் அவர்தம் சிக்கனத்தை என்னென்பது! யப்பானில் அதன் விலை 4,900 யென். அதனை வாங்கியோர் ஆழம் இல்லையே என்று குறைகூறவில்லை. அக்காலத்தில் வீட்டுப் பொறிகளில் முடிசூடி நின்றது இவ்வகையே. 1991இல் சேகாவின் சொனிக்கும், 1994இல் டொங்கி கொங் கன்றியும் முழுவிலைக்கே விற்பனையாயின.

பின்னர்க் காலம் மாறிற்று. 1994இல் சொனியின் பிளேஸ்ரேசன் யப்பானில் வெளிவந்தது. கசெற்றின் இடத்தை இறுவட்டு பிடித்தது. முப்பரிமாணப் படம் புதுமையாயிற்று. 1996இல் மாரியோவே முப்பரிமாண உலகில் ஓடத் தொடங்கினான். தட்டைப் படம் பழமையின் சின்னமாகக் கருதப்பட்டு, பெரும்பாலும் கையடக்கப் பொறிகளிலே தஞ்சம் புகுந்தது. அதன் மதிப்புக் குறைந்தமைக்குக் கலையிலே நேர்ந்த குறைவு காரணமன்று. புதுமை வேறிடம் சென்றதே காரணம் என்பதை நாம் மறத்தலாகாது.

இரண்டாவது மாற்றம் 2008இல் நிகழ்ந்தது. இணையவழியே விளையாட்டை நேரே பெறும் கடைகள் பெருகலாயின. அவ்வாண்டில் ஜொனதன் புளோ ஆக்கிய பிறெயிட் 15 டொலருக்கு வந்தது. 2010இல் லிம்போவும், இருவர் கூடி ஆக்கிய சுப்பர் மீற் போயும் அதே விலையில் வந்தன. பெட்டி இல்லை, இறுவட்டு இல்லை, கப்பற் கூலி இல்லை; ஆக்கியோரும் மிகச் சிலர். ஆதலின் குறைந்த விலை அவர்களுக்கு இயன்றது. ஆயினும், வாங்குவோர் மனத்தில் வேறொரு கணக்குப் பதிந்தது: தாவியோடும் விளையாட்டென்றால் 15 டொலர். ஆக்கியோரின் சூழ்நிலையாற் பிறந்த விலை, அவ்வகை முழுவதன் பெறுமதியாக மாறிற்று. இன்றைய வழக்கின் வேர் இதுவே என்பது நம் துணிபு.

வாங்குவோர் ஐயத்துக்கு இடமேயில்லை என்று நாம் கூறவில்லை. 2006இல் நிண்டெண்டோ நியூ சுப்பர் மாரியோ பிறதர்ஸை வெளியிட்டுப் பழைய வகைக்கு மறுவாழ்வு அளித்தது. 2009இல் அதன் வழித்தோன்றல் 50 டொலருக்கு வந்தது. இரண்டும் தனித்தனியே ஏறக்குறைய 3 கோடி விற்பனையாயின. ஆனால் 2012ஆம் ஆண்டு ஒன்றிலேயே மேலும் இரண்டு வந்தன. அதே இசை, அதே தோற்றம், அதே பெயர். உண்ட சோற்றையே மீண்டும் பரிமாறி முழுப் பணம் கேட்டால் முகஞ்சுளியாதார் யார்?

இதற்கு மறுமொழி 2023 ஒக்டோபரில் வந்தது. சுப்பர் மாரியோ பிறதர்ஸ் வொண்டர் 60 டொலர் கேட்டது. அதிலே ஒரு பூவைத் தொட்டதும் அக்கட்டத்தின் நியதியே மாறிவிடும்: குழாய்கள் புழுப்போல் ஊர்கின்றன, கடிக்கும் செடிகள் அணிவகுத்துப் பாடுகின்றன. முதலிரு வாரங்களிலேயே 43 இலட்சம் விற்பனையாயிற்று. திரை அன்றுபோல் இன்றும் தட்டையே. ஆயினும் கற்பனை புதிது. முழுவிலையை நிலைநாட்டியது அதுவே.

எனினும், நல்ல ஆக்கம் எப்போதும் வெல்லும் என்று எண்ணிவிடலாகாது. மாரியோவின் பெயர் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. பிரான்சில் உள்ள யூபிசொவ்ற் மொன்பெலியே கலைக்கூடம் 2024 ஜனவரியில் பிரின்ஸ் ஒவ் பேர்சியா: த லொஸ்ற் கிறவுண் என்னும் விளையாட்டை 50 டொலருக்கு வெளியிட்டது. திறனாய்வாளர் பெரிதும் பாராட்டினர். விற்பனையோ நிறுவனம் எதிர்பார்த்த அளவை எட்டவில்லை. அவ்வாண்டு முடியுமுன்னரே அதனை ஆக்கிய குழு கலைக்கப்பட்டு, உறுப்பினர் வேறு பணிகளுக்கு அனுப்பப்பட்டனர்.

மறுபுறத்தில், அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரில் ஒரு சிலர் கூடிய ரீம் செரி 2017இல் ஹொலோ நைற் விளையாட்டை 15 டொலருக்கு அளித்தது. அது ஒரு கோடிக்கு மேல் விற்பனையாகவே, அடுத்த ஆக்கத்துக்குப் பல்லாண்டு உழைக்க அவர்களால் முடிந்தது. சில்க்சொங் 2025 செப்ரெம்பர் 4ஆம் நாள் 20 டொலருக்கு வந்தபோது, திரண்ட கூட்டத்தைத் தாங்காது இணையக் கடைகளே தடுமாறின. வாங்குவோர் மகிழ்ந்தனர், ஏனைய சிறு ஆக்குநருட் சிலரோ கலங்கினர். கோடிக்கணக்கில் விற்பவன் 20 டொலர் கேட்கலாம். சில ஆயிரமே விற்பவன் அவ்விலையை அளவுகோலாய்க் கொண்டால் அவன் அடுப்பு எரியுமா?

ஆகவே நமது முடிவு இதுவாகும். திரை எத்திசை நகர்கின்றது என்பதோ, படத்துக்கு ஆழம் உண்டா என்பதோ விலைக்கு அளவுகோலாகாது. ஆடி முடிக்கச் செல்லும் மணிக்கணக்கும் அவ்வாறே. இரவு முழுதும் நீளும் கூத்தெல்லாம் நல்ல கூத்தாகிவிடுவதில்லை. முழுவிலை கேட்பவன் கட்டந்தோறும் புதிது தரவேண்டும். தந்தானாயின் அவ்விலை அவனுக்கு உரியது. பழையதற்குப் புதுச்சாயம் பூசி வருவானாயின், முப்பரிமாணமாயினும் அவனுக்கு அவ்விலை உரியதன்று.

பெற்றோர் பணத்தில் வாங்கும் இளைஞர் விலையைச் சிந்திப்பது நன்றே. கையிற் பணம் போதாதெனின் விலை இறங்கும்வரை காத்திருக்கலாம், அதில் இழிவில்லை. ஆனால் "என்னால் இயலவில்லை" என்பது வேறு, "அது தகாது" என்பது வேறு. முன்னது நம் பணப்பையைப் பற்றிய பேச்சு. பின்னது பிறரின் உழைப்பைப் பற்றிய தீர்ப்பு. அத்தீர்ப்பை அவ்வாக்கத்தை ஆராய்ந்தே வழங்குவோமாக.