பெயர்ந்து சென்ற மண்டபம்

அகரத்திற்கு அணித்தே அமைந்த தாடிக்கொம்பு சௌந்தரராசப் பெருமாள் கோயிலை இப்பகுதியில் அறியாதார் இலர். அதன் மண்டபத் தூண்களில் உலகளந்த பெருமாளும், இரணியன் மார்பைப் பிளக்கும் நரசிங்கமும், ஊர்த்துவ தாண்டவம் ஆடும் சிவபெருமானும் காண்போர் வியக்கும் வண்ணம் நிற்கின்றனர். நாயக்கர் காலச் சிற்பக்கலையின் செழுமைக்கு அம்மண்டபம் சான்றாகும். அதே கலைமரபைச் சார்ந்த மற்றொரு மண்டபத்தின் தூண்கள் இன்று கடல் கடந்து, அமெரிக்க நாட்டின் பிலடெல்பியா நகர அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. ஒன்று நின்ற இடத்திலேயே நிற்க, மற்றொன்று பெயர்ந்து சென்ற வரலாறு எண்ணிப் பார்க்கத் தக்கது.

கி.பி. 1912ஆம் ஆண்டு, பிலடெல்பியாவைச் சேர்ந்த அடலின் பெப்பர் கிப்சன் என்னும் பெண்மணி மதுரைக்கு வந்தார். மதனகோபால சுவாமி கோயில் வளாகத்தில் குவிந்து கிடந்த கருங்கற் சிற்பங்கள் அவர் கண்ணில் பட்டன. தூண்கள், போதிகைகள், சிற்பப் பலகைகள் என அறுபதுக்கும் மேற்பட்ட கற்களை அவர் விலைக்கு வாங்கிக் கப்பலேற்றித் தம் ஊருக்கு அனுப்பினார். முதல் உலகப் போரின்போது பிரான்சில் மருத்துவப் பணியாற்றச் சென்ற அவர், 1919இல் அங்கேயே உயிர் துறந்தார். அவர் நினைவாக அக்கற்களை அவருடைய குடும்பத்தார் அவ்வாண்டே அருங்காட்சியகத்திற்கு வழங்கினர். அவற்றை ஆராய்ந்த வடமொழிப் பேராசிரியர் நார்மன் பிரௌன், அவை பதினாறாம் நூற்றாண்டைச் சார்ந்தவை என வரையறுத்து 1940இல் தனி நூலே எழுதினார். கருடனும் அனுமனும் அத்தூண்களில் இன்றும் நிற்கக் காணலாம். 2016இல் அம்மண்டபம் புதுக்கி அமைக்கப்பெற்றது.

தமிழகத்துக் கோயில் மண்டபம் ஒன்றை ஓர் அமெரிக்க அருங்காட்சியகம் அறையாக அமைத்துக்கொண்டது ஏன்? பழம்பொருள்களைப் பேழைக்குள் தனித்தனியே வைத்துக் காட்டுவதைவிட, அவை புழங்கிய அறையையே பெயர்த்துவந்து காட்டினால் அக்காலம் முழுமையாக விளங்கும் என்னும் கருத்து அந்நாட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேரூன்றியது. 1924இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் அமெரிக்கப் பிரிவைத் திறந்து, பழைய வீடுகளின் அறைகளை நாற்காலி, மேசை, கணப்படுப்புகளோடு காட்சிக்கு வைத்தது. பிலடெல்பியாவின் இயக்குநராக 1925 முதல் 1955 வரை விளங்கிய பிஸ்க் கிம்பால் இம்முறையை உலகளாவியதாக விரித்தார். ஆங்கிலேயர் வீட்டுக் கூடமும், சீனத்து அரண்மனைக் கூடமும், சப்பானியத் தேநீர் இல்லமும், மதுரை மண்டபமும் ஒரே கூரையின்கீழ் வரிசை பெற்றன.

அந்நாட்டார் தம் வீடுகளுக்கும் இதையே செய்தனர் என்பது இங்குக் கருதத்தக்கது. பிலடெல்பியா நகரத் தலைவராயிருந்த சாமுவேல் பவல் 1769இல் வாங்கிய இல்லம் விருந்தோம்பலால் புகழ்பெற்றது. சார்ச் வாசிங்டன் அங்கு விருந்துண்டவர். அவ்வில்லத்தின் ஓர் அறையின் மரவேலைப்பாடு நியூயார்க் அருங்காட்சியகத்திற்கும், மற்றோர் அறையினது பிலடெல்பியா அருங்காட்சியகத்திற்கும் சென்றன. 1931இல் அவ்வில்லம் இடிபடாமல் மீட்கப்பட்ட பின்னர், பெயர்த்தெடுத்த இடங்களில் நகல்கள் பொருத்தப்பட்டன. மூலம் அருங்காட்சியகத்திலும் நகல் வீட்டிலுமாக அமைந்த நிலை இது.

இவ்வறைகள் ஒரு காலத்தைக் காட்டுவதோடு சிலவற்றை மறைக்கவும் செய்கின்றன. பளபளக்கும் மகோகனி மேசை, கரீபியக் காடுகளில் ஆப்பிரிக்க அடிமைகள் வெட்டிய மரத்தால் ஆனது என்பதை மேசை தானாகச் சொல்லாது. கயிறு கட்டிய வாயிலில் நின்று நோக்குவோர்க்கு அவ்வறையில் ஏவல் செய்தவர் புலப்படார். அவ்வாறே பிலடெல்பியத் தூண்களின் நடுவே கற்பூர மணமில்லை; எண்ணெய்ப் பிசுக்கில்லை; வழிபடுவோர் உராய்ந்து செல்லும் நெரிசலில்லை. கற்களை வாங்கிய அம்மையாரின் பெயர் நமக்குத் தெரிகிறது. செதுக்கிய சிற்பியின் பெயர் தெரியவில்லை.

காத்தல் ஒன்றே பண்பாட்டின் வழி எனவும் கொள்ளுதற்கில்லை. இப்பகுதி முத்தாலம்மன் விழாக்களில், மண்ணால் சமைத்துக் கண்திறந்து வழிபட்ட திருமேனி விழா முடிவில் பூஞ்சோலை செல்கிறது. மண் மீண்டும் மண்ணாகிறது. திருமேனி நிலைப்பதில்லை; அதனைச் சமைக்கும் கை நிலைக்கிறது. அவ்வூரார் காப்பது பொருளையன்று, செயலை.

எனினும், பெயர்த்தெடுத்தல் முற்றிலும் இழப்பே எனத் தமிழிலக்கியம் பயின்றோர் கூறிவிட இயலாது. சங்கத் தொகை நூல்கள் தாமும் ஒருவகையில் பெயர்த்தமைத்த அறைகளே ஆகும். எங்கோ ஒரு வள்ளலின் முற்றத்தில், ஏதோ ஒரு பொழுதில் எழுந்த பாட்டைத் தொகுத்தோர் எடுத்து, அடியளவு பார்த்து வரிசையில் வைத்தனர். பாடிய குரலும் கேட்ட அவையும் உடன் வரவில்லை; பாட்டு மட்டும் வந்தது. அவர்கள் தொகுத்திராவிடில் அதுவும் வந்திராது. ஆயினும் அவர்கள் ஒரு கடமையை மறந்திலர். திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் எனக் குறிப்பெழுதி, பாட்டு எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டினர். பெயர் அறியாப் புலவர் பலருக்கு அவர் பாட்டிலிருந்த தொடரையே பெயராக்கி நிறுத்தினர். செம்புலப்பெயனீரார் நமக்குக் கிடைத்தது அவ்வாறுதான்.

அருங்காட்சியகங்கள் அத்தொகையாசிரியர்களிடம் கற்கவேண்டிய பாடம் இது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின் அத்தகைய மண்டபத்தை நம் நாட்டிலிருந்து எவரும் வாங்கி ஏற்றிச் செல்ல இயலாது. சென்றது சென்ற இடத்தில் நிற்கிறது. எந்தக் கோயிலிலிருந்து, எந்நிலையில், யார் கையால் பெயர்ந்தது என்பதைத் தூணருகே எழுதி வைப்பதே அதற்குச் செய்யத்தக்க குறைந்த அளவு நீதி.

நமக்கும் ஒரு கடமை உண்டு. கடல் கடந்த தூண்களுக்கு இரங்கும் நாம், தாடிக்கொம்பில் இன்னும் கூரையைத் தாங்கி நிற்கும் தூண்களை எத்தனை முறை நின்று பார்த்திருக்கிறோம்? கவியரங்கில் பாடிய கவிதைகளைத் தொகுத்து மலராக்கும்போது, எந்நாளில், எவ்விடத்தில், எதன் பொருட்டுப் பாடியது என ஒரு வரி சேர்க்கிறோமா? அவ்வொரு வரி இல்லையேல், பின்வருவோர்க்குக் கிடைப்பது கூரையற்ற தூணே ஆகும்.