நிபந்தனையும் தலைமையும்: கல்கத்தா அறிவியல் பல்கலைக்கழகக் கல்லூரியின் தொடக்ககால வரலாறு

முன்னுரை

கொல்கத்தாவின் தென்பகுதியில் அமைந்த கரியாஹாட் நாற்சந்தி, புடவைக் கடைகளுக்கும் நடைபாதை வணிகத்துக்கும் பெயர்பெற்றது. அதன் வழியே செல்லும் ராஷ்பிகாரி சாலை, வழக்கறிஞர் தொழிலில் ஈட்டிய பெரும்பொருளைப் பல்கலைக்கழகத்துக்கு ஈந்த ராஷ்பிகாரி கோஷின் பெயரைத் தாங்கியுள்ளது. அங்கிருந்து சிறிது தொலைவில், பாலிகஞ்ச் வட்டச் சாலை 35ஆம் எண்ணில், மற்றொரு வள்ளலான தாரக்நாத் பாலித்தின் பெயரிலமைந்த கல்வி வளாகம் உள்ளது. இவ்விருவர் கொடையால் உருவானதே கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் கல்லூரி.

ஒரு புலத்தின் ஆசிரியர்களையும் பாடங்களையும் நிதியையும் ஒருங்கிணைத்து நடத்துபவரை இன்று ‘புல முதன்மையர்’ என்கிறோம். அக்கல்லூரியின் தொடக்க ஆண்டுகளில் இப்பொறுப்பு எவ்வாறு ஆற்றப்பட்டது, அதன் நிறைகுறைகள் யாவை என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது.

பதவியும் பொறுப்பும்

பாலித் 1912இல் நிலத்தையும் பொருளையும் வழங்கினார். கோஷ் 1913இல் 10 இலட்சம் ரூபாய் அளித்தார். அன்றைய மேல்வட்டச் சாலை 92ஆம் எண்ணில் 1914 மார்ச் 27 அன்று கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அடிக்கல் நாட்டிய ஆசுதோஷ் முகர்ஜியின் துணைவேந்தர் பதவிக்காலம் சில நாள்களிலேயே முடிவுற்றது. மீண்டும் 1921இல்தான் அவர் அப்பதவிக்கு வந்தார்.

எனினும் இடைப்பட்ட காலத்திலும் கல்லூரியை நடத்திச் சென்றவர் அவரே. 1917இல் கலைக்கும் அறிவியலுக்கும் தனித்தனியே முதுகலைக் கல்விக் குழுக்கள் அமைக்கப்பட்டபோது, இரண்டுக்கும் அவரே தலைவரானார். இந்திய மொழிகள் 1919இல் அப்பல்கலைக்கழகத்தின் முதுகலைப் பாடமாக இடம்பெற்றதும் அவர் முயற்சியாலேயே. துணைவேந்தருக்கும் ஆசிரியருக்கும் இடையில் நின்று கல்விப்பணியை நெறிப்படுத்திய இப்பொறுப்பு, இன்றைய புல முதன்மையர் பணிக்கு மிக நெருக்கமானது எனலாம்.

மூன்று நிபந்தனைகள்

பணம் பெரும்பாலும் நிபந்தனையோடுதான் வருகின்றது. ஆசுதோஷ் முன்னின்ற மூன்று நிபந்தனைகளை ஒப்பிட்டு நோக்கின், அவர் தலைமையின் இயல்பு விளங்கும்.

முதலாவது, கொடையாளர் நிறுவிய பேராசிரியர் இருக்கைகளில் இந்தியரே அமர்தல் வேண்டும் என்பது. உயர்பதவிகள் பெரும்பாலும் ஐரோப்பியருக்கே உரியனவாயிருந்த அக்காலத்தில் இந்நிபந்தனை மனமுவந்து ஏற்கப்பட்டது. ‘இந்தியர்’ என்பது ‘வங்காளியர்’ எனச் சுருக்கப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. தமிழரான சி. வி. இராமனும், வட இந்தியரான கணேஷ் பிரசாத்தும், மராட்டியரான அகார்க்கரும் வங்காளியரான பி. சி. இராயோடு ஒரே நிறுவனத்தில் இடம்பெற்றனர்.

இரண்டாவது, பாலித் பேராசிரியர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும் என்பது. இராமன் அப்போது கல்கத்தாவில் நிதித்துறை அலுவலர். ஓய்வு நேரத்தில் ஆய்வு செய்து வந்தவர். ஆசிரியப் பதவிக்காகக் கூடுதல் ஊதியத்தைத் துறக்க இசைந்த அவர், பயிற்சிக்காகக் கடல்கடக்க இசையவில்லை. அவர்பொருட்டு அந்நிபந்தனை தளர்த்தப்பட்டது. 1917இல் பதவியேற்ற இராமன் 1933 வரை அவ்விருக்கையில் இருந்தார். பவுபசார் வீதியில் இருந்த இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகத்தில் 1928இல் அவர் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவு, 1930இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது.

மூன்றாவது, அரசின் நிபந்தனை. நிதி நெருக்கடியில் தவித்த பல்கலைக்கழகத்துக்கு 1922இல் வங்காள அரசு இரண்டரை இலட்சம் ரூபாய் தர முன்வந்தது. ஆனால் நிதியாட்சியைக் கட்டுப்படுத்தும் விதிகளையும் உடன் வைத்தது. ஆசுதோஷின் வலியுறுத்தலால் செனட் பேரவை அதனை மறுத்தது.

கொடையாளரின் நோக்கத்தைக் காத்தல் முதல் நிகழ்வு. அந்நோக்கம் நிறைவேறும்பொருட்டு விதியைத் தளர்த்தல் இரண்டாவது. நோக்கத்தையே அழிக்கும் பணத்தை மறுத்தல் மூன்றாவது. விதியின் சொல்லைவிட, அது யாருக்காக ஏற்பட்டது என்னும் கேள்வியே மூன்றிலும் முன்னிற்கின்றது.

மறுப்பின் விலை

இவ்வரலாற்றைப் புகழ்மாலையாக மட்டும் எழுதுவது பொருந்தாது. மறுக்கப்பட்ட பணம் ஆசிரியர் ஊதியத்துக்கும் ஆய்வுக்கூடக் கருவிகளுக்கும் பயன்பட்டிருக்கக் கூடியது. 1916இல் இளம் விரிவுரையாளர்களாகச் சேர்ந்த சத்தியேந்திரநாத் போசும் மேகநாத் சாகாவும் நிலைக்கவில்லை. போசு 1921இல் டாக்காவுக்கும், சாகா 1923இல் அலகாபாத்துக்கும் சென்றனர். போசின் பெயரை உலகறியச் செய்த 1924ஆம் ஆண்டுக் கட்டுரை டாக்காவிலிருந்தே வெளிப்போந்தது. சாகா 1938இலும் போசு 1945இலும்தான் திரும்பினர்.

மேலும், எல்லா முடிவுகளும் ஒருவரையே சுற்றியிருந்தன. 1924இல் ஆசுதோஷ் மறைந்தபோது, அவர் வகித்த இடத்தை நிரப்புவது எளிதாக இருக்கவில்லை. தம் ஆளுமையால் நிறுவனத்தை உயர்த்துபவர், தமக்குப் பின்னும் அது நிற்பதற்குரிய ஏற்பாட்டையும் செய்தாக வேண்டும் என்பது இதனால் பெறப்படுகின்றது.

இதற்கு மாறான தலைமை ஒன்றும் அதே கல்லூரியில் இருந்தது. வேதியியல் பாலித் பேராசிரியர் பி. சி. இராய், கல்லூரிக் கட்டடத்திலேயே ஓர் அறையில் வாழ்ந்தார். 1921இல் 60 வயது நிறைந்தபின், தம் ஊதியத்தைப் பல்கலைக்கழகத்துக்கே விட்டுக்கொடுத்து 1936 வரை பணியாற்றினார். முன்னவர் பேரவையில் மறுத்த பணத்தின் இழப்பைப் பின்னவர் தம் வாழ்வில் ஒரு சிறிதேனும் ஈடுசெய்தார் என்று கருத இடமுண்டு.

முடிவுரை

கல்கத்தா அறிவியல் கல்லூரியின் தொடக்ககால வரலாறு, புலத் தலைமை என்பது பதவிப்பெயரால் அமைவதன்று என்பதைக் காட்டுகின்றது. பணத்தோடு வரும் நிபந்தனைகளுள் ஏற்கத்தக்கது எது, தளர்த்தத்தக்கது எது, மறுக்கத்தக்கது எது எனப் பிரித்தறிவதே அதன் முதற்கடமை. மறுக்கும்போது அதன் சுமை இளம் ஆசிரியர் தோளில் மட்டும் விழாமல் காப்பது அதனினும் அரிய கடமை. முதற்கடமையில் ஆசுதோஷ் வென்றார். இரண்டாம் கடமை முற்றுப்பெறவில்லை. திட்ட நிதிக்கும் அறக்கட்டளைக் கொடைக்கும் விண்ணப்பிக்கும் இன்றைய தமிழ்த்துறைகளும் எதிர்கொள்ளும் கேள்விகள் இவையே. ஆதலின் இவ்வரலாறு இயற்பியலார்க்கு மட்டும் உரியதன்று, நமக்கும் உரியதாகும்.