கரையும் மடையும்



இரண்டு அணியும் பேசி முடித்துவிட்டார்கள். இனி தீர்ப்பு என் தலையில். 'சாமானிய மனிதனுக்குப் பெரிய காவல் அரசியல் சாசனம் பெற்றெடுத்த அமைப்புகளே' என்றது ஓர் அணி. 'இல்லவே இல்லை, சட்டம் போட்டு உண்டாக்கிய அமைப்புகளே' என்றது மற்றோர் அணி. முன்வரிசையில் ஒரு தாயார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். 'எல்லாம் சர்க்கார்தானேய்யா, இதுக்குள்ள என்ன சண்டை?' என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. (சிரிப்பு)

நியாயமான கேள்வி. கண்மாயைப் பார்த்து வளர்ந்த சனத்துக்கு இதைச் சொல்வது லேசு. கண்மாய்க்குக் கரை வேணும். தண்ணீர் வயலுக்கு வர மடை வேணும். அளந்து விட நீர்ப்பாய்ச்சி வேணும். 'என் வயலுக்கு வரலை'ன்னு தகராறு வந்தால் தீர்த்து வைக்க நாலு பெரியவங்க வேணும். அரசாங்கமும் அப்படித்தான். தேர்தல் ஆணையம், தேர்வாணையம், நிதி ஆணையம் இவையெல்லாம் அரசியல் சாசனத்திலேயே எழுதப்பட்டவை, இவை கரை. சட்டத்தால் வந்த மனித உரிமை ஆணையமும் தகவல் ஆணையமும் மடை. மின்கட்டணத்தை நிர்ணயிக்கிற மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நீர்ப்பாய்ச்சி. நுகர்வோர் ஆணையம் தகராறு தீர்க்கிற பெரியவர். அது கோர்ட் இல்லை, ஆனால் இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும். பின்னால் சொன்ன மூன்றும் சட்டத்தின் பிள்ளைகள்தான்.

இப்போது ஒரு வரலாறு. வேலைக்கு ஆள் எடுப்பதில் சிபாரிசு நுழையக்கூடாது என்று இந்தியாவிலேயே முதன்முதலாகத் தேர்வாணையம் கண்ட மாகாணம் எது? நம்முடைய சென்னை மாகாணம். 1929இல் சட்டசபை ஒரு சட்டம் போட்டது. ஒரு தலைவர், இரண்டு உறுப்பினர்களோடு பணியாளர் ஆணையம் பிறந்தது. அப்போது அது வெறும் சட்டத்தின் பிள்ளை. சட்டம் போட்ட சபை நினைத்தால் இன்னொரு சட்டம் போட்டு மூடியிருக்கலாம். 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி 1937இல் அது புது உருவம் பெற்றது. 1950இல் நம் அரசியல் சாசனம் 315 முதல் 323 வரை ஒன்பது ஷரத்துகளைத் தேர்வாணையங்களுக்கென்றே ஒதுக்கியது.

அந்த ஒன்பதும் என்ன செய்தன? கவசம் மாட்டின. மாநிலத் தேர்வாணைய உறுப்பினரை நியமிப்பவர் ஆளுநர். ஆனால் நீக்கும் அதிகாரம் ஆளுநருக்குக் கிடையாது. முறைகேடு என்று புகார் வந்தால் உச்ச நீதிமன்றம் விசாரிக்கணும். அதன் பிறகே குடியரசுத் தலைவர் நீக்க முடியும். ஆணையத்தின் செலவைச் சட்டசபை விவாதிக்கலாம். ஓட்டெடுத்து வெட்ட முடியாது. பதவி முடிந்த பிறகு அரசாங்கத்தில் வேறு வேலைக்குப் போகவும் கட்டுப்பாடு. ஏன்? 'நாளைக்கு ஒரு பதவி தர்றேன், இன்னைக்கு என் மச்சானைப் பாஸ் போடு' என்று யாரும் கேட்டுவிடக்கூடாதே! (கைதட்டல்)

'சட்டத்தின் பிள்ளைக்கு இந்தக் கவசம் உண்டா?' என்று முதல் அணி கேட்டது. எந்தச் சட்டமும் ஓரளவுக்குத்தான் கொடுக்க முடியும். நம் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. காப்புரிமை, வணிகக் குறி, புவிசார் குறியீடு வழக்குகளுக்காக 2003இல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வந்தது. 2021 ஏப்ரலில் ஓர் அவசரச் சட்டம். வாரியம் போயே போச்சு! வழக்குக் கட்டுகளெல்லாம் கோர்ட்டுகளுக்குப் போயின. அது சரியா தப்பா என்பது வேறு வழக்கு. எவ்வளவு சுலபமாக முடிந்தது என்பதுதான் இங்கே சேதி.

சரி, அப்படியானால் இரண்டாவது அணிக்குப் பேச்சே இல்லையா? இருக்கிறது. விதை முளைக்கலைன்னா கரிசல் காட்டு விவசாயி எங்கே போவார்? தேர்தல் ஆணையத்துக்கா? 1966ஆம் ஆண்டு விதைச் சட்டம் தப்புச் செய்தவனுக்குத் தண்டனை சொன்னது. நஷ்டப்பட்டவனுக்கு ஈடு கொடுக்க வழி சொல்லலை. 1986இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான் கதவைத் திறந்தது. தேசிய விதைக் கழகத்துக்கு எதிராக ஆந்திர விவசாயிகள் போன வழக்கில், விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று 2012இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இப்போது நடப்பில் உள்ள 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். வாங்கிய பொருளின் விலை ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள்ளே போகணும். பில்லை மட்டும் பத்திரமா வச்சுக்கணும் தாயே! (சிரிப்பு)

இன்னொரு சம்பவத்தைச் சிரிக்காமல் கேளுங்கள். மாநிலத் தேர்தல் ஆணையம் 1993இல் வந்த 73ஆவது திருத்தத்தின் பிள்ளை. அசல் கரை. 1996இல் ஊராட்சித் தேர்தலை நடத்தியது. ஆனால் மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், நம் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கிலும் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. தேர்தலை அறிவித்தால் மனுப்போட ஆள் வராது. வந்து ஜெயித்தால் உடனே ராஜினாமா. இப்படிப் பத்து வருஷம்! சாசனம் இருந்தது, ஆணையம் இருந்தது, ஒதுக்கீடு இருந்தது. நாற்காலி மட்டும் காலியாகவே இருந்தது. அதிகாரிகள் ஊருக்குள் போய் உட்கார்ந்து பேசிப் பேசி, 2006 அக்டோபரில்தான் தலைவர்கள் அந்த நாற்காலியில் நிலையாக உட்கார்ந்தார்கள்.

இந்தப் பத்து வருஷம் நமக்குச் சொல்வது என்ன? கரை உயரமாக இருந்தால் மட்டும் போதாது. ஊர் மனசும் அகலமாக இருக்கணும். ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். அது வெறும் சட்டமாக இருந்திருந்தால், 'இந்த ஊர்கள் வேண்டாம், ஒதுக்கீட்டை எடுத்துடுவோம்' என்று ஒரு வரியில் கதையை முடித்திருப்பார்கள். அரசியல் சாசனம் என்பதால் அந்த நாற்காலி பத்து வருஷமும் அங்கேயே காத்திருந்தது. உரியவர் வரும்வரை காத்திருந்தது. (பலத்த கைதட்டல்)

ஆகவே என் தீர்ப்பு: அன்றாடப் பயன் எதில் என்று கேட்டிருந்தால் சட்டம் பெற்ற அமைப்புகளுக்கே கொடுத்திருப்பேன். தலைப்பு கேட்டது காவல். காவல் என்றால், ஆள்பவர் கோபப்பட்டாலும் கலையாமல் நிற்பது. அந்த வகையில் சாமானியனுக்குப் பெரிய காவல் அரசியல் சாசனம் பெற்றெடுத்த அமைப்புகளே, அமைப்புகளே என்று தீர்ப்பளிக்கிறேன். மடையைத் திறக்கிற வேலை உங்களுடையது. மனு எழுதுங்கள், கேள்வி கேளுங்கள், பில்லைக் கேட்டு வாங்குங்கள்.