பெரட்டுக் களம் முதல் படுக்கை வரை: மலாக்காத் தோட்டத் தமிழ் முதியோரின் பராமரிப்புத் தேவை அளக்கப்பட்ட வரலாறு

மலாக்காவில் தனியார் முதியோர் இல்லம் ஒன்றில் இடம் இருக்கிறதா என்று விசாரிப்பவரிடம் வயதைப் பற்றி அதிகம் கேட்க மாட்டார்கள். எழுந்து நடப்பாரா, கழிவறைக்குத் துணை வேண்டுமா, ஊட்டிவிட வேண்டுமா என்பதே பேச்சாக இருக்கும். நடமாடுபவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், படுத்த படுக்கையானவர் என்ற மூன்று படிகளில் ஏதாவது ஒன்றில் அவருடைய மாதக் கட்டணம் வந்து நிற்கும். அணையாடைக்கும் குழாய்வழி உணவுக்கும் தனிக் கணக்கு. எந்தச் சட்டத்திலும் இந்தப் படிகள் இல்லை. சந்தை தானாக வகுத்துக்கொண்டவை. ஆனால் ஒருவருக்கு எவ்வளவு துணை வேண்டும் என்று அளக்கும் வழக்கம் மலாக்காத் தமிழருக்குப் புதிதல்ல. நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தோட்டமும் அரசும் சந்தையும் மாறிமாறி அவர்களை அளந்து வந்திருக்கின்றன. அந்த அளவுகோல்கள் ஒவ்வொன்றும் யாரைக் கணக்கில் எடுத்தன, யாரைத் தவறவிட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வேலைக்கு ஆகும் உடல்

1896ஆம் ஆண்டு புக்கிட் லிந்தாங்கில் சீன வணிகர் தான் சாய் யான் ரப்பர் பயிரிட்டதிலிருந்து மலாக்காவின் ரப்பர்த் தோட்ட வரலாறு தொடங்குகிறது. அடுத்த சில ஆண்டுகளிலேயே அவர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் போட்டார். ஜாசின், அலோர் காஜா மாவட்டங்களின் காடுகள் கித்தா எனப்படும் ரப்பர் மரங்களுக்கு வழிவிட்டன. கங்காணிகள் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து ஆள் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள்; ஆண்களே அதிகம். தோட்ட முதுமையின் வடிவத்தைத் தீர்மானித்தது இந்த ஆண்பெண் விகிதம்தான். மனைவியும் மக்களும் இல்லாத ஒண்டிக்கட்டை ஆண்கள் ஒரு தலைமுறை கழித்து லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீட்டின் கடைசி அறையில் முதுமை அடைந்தார்கள்.

1907இல் தமிழர் குடியேற்ற நிதி நிறுவப்பட்டது. பிறகு அது இந்தியக் குடியேற்ற நிதி என்று பெயர் மாறியது. தோட்ட முதலாளிகள் தங்களிடம் இந்தியத் தொழிலாளர்கள் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்று கணக்கிட்டு அதற்கேற்ப நிதிக்குப் பணம் கட்டினார்கள். ஆட்களைக் கொண்டுவரும் கப்பல் செலவு இதிலிருந்து போனது. உடல் தளர்ந்தவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவும் இதிலிருந்தே போனது. வேலைக்கு உதவாதவர்கள் தங்குவதற்கான இல்லங்களையும் நிதி நடத்தியது. நிதியின் பார்வையில் தொழிலாளி வேலைக்கு ஆகிறவர் அல்லது ஆகாதவர். ஆகாதவருக்குக் காலனி அரசு வைத்திருந்த முதன்மையான பராமரிப்புத் திட்டம் நாகப்பட்டினத்துக்கோ சென்னைக்கோ ஒரு கப்பல் சீட்டு. 1930இல் ரப்பர் விலை விழுந்தபோது அதே இயந்திரம், முதுமையே தொடாத லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை மூன்றே ஆண்டுகளில் திருப்பி அனுப்பியது. ஒருவர் 'ஆகாதவர்' ஆவதற்கு அவருடைய உடல் தளர வேண்டும் என்பதில்லை, சந்தை தளர்ந்தால் போதும் என்பதை அந்த ஆண்டுகள் காட்டின.

தோட்டத்துக்குள் கணக்கு இன்னும் நுணுக்கமாக இருந்தது. விடியுமுன் ஆளைக் கணக்கெடுக்கும் பெரட்டில் எழுத்தரான கிராணி பெயர் கூப்பிட்டு, கங்காணி ஆளைப் பார்த்து வேலை பிரிப்பார். கண் மங்கி வெட்டுக்கோடு தெரியாமல் மரத்தைக் காயப்படுத்துபவர் பால்வெட்டிலிருந்து புல்வெட்டுக்கு இறங்குவார். குனிய முடியாதவருக்கு ஜாகா என்ற காவல் வேலை, கோயில் கூட்டுவது, ஆபீஸ் வாசல் பெருக்குவது போன்றவை கிடைக்கும். கிழவிகளுக்கு ஆயாக் கொட்டகை இருந்தது. தாய்மார் பால் வெட்டப் போன நேரத்தில் பிள்ளைகளின் தொட்டிலை ஆட்டுபவர்கள் பெரும்பாலும் தோட்டத்தின் மூத்த பெண்களே. காண்டா என்ற காவடித்தடியில் பால்வாளி சுமந்து தேய்ந்த தோளுக்கும் முட்டிக்கும் ஏற்றபடி வேலை இறங்கிக்கொண்டே போகும் இந்த ஏணியை யாரும் எழுதி வைக்கவில்லை. கருணையால் நடந்ததும் அல்ல இது. தேய்ந்த உழைப்பையும் மலிவாகப் பயன்படுத்தும் வழி. ஆனாலும், பின்னால் வந்த எந்த அரசு விதியையும்விட இதில் படிகள் அதிகம் இருந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏணியின் கடைசிப் படிக்கும் கீழே விழுந்தவரை லயம் தாங்கியது. பக்கத்து வீட்டுக் கஞ்சி, கோயில் திருவிழாச் சோறு, எப்போதாவது வரும் மருத்துவ உதவியாளரான டிரசரின் மருந்து. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்கு ஆண்களைப் பறிகொடுத்த பெண்கள் போருக்குப் பிறகு முதுமையடைந்ததும் இந்த ஏற்பாட்டுக்குள்தான்.

ஐம்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் நடுவில்

1951இல் ஊழியர் சேமநிதி வந்தது. 55 வயதில் மொத்தத் தொகையையும் எடுக்கலாம் என்ற அதன் விதி, அந்த வயதையே ஓய்வின் எல்லையாக நிலைநிறுத்தியது. நாட்கூலிக்காரர் சேமித்தது நாட்கூலி அளவுக்கே இருந்தது என்பது சொல்லாமலே விளங்கும். அதைவிடப் பெரிய விஷயம் வீடு. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால், பிள்ளைகளில் ஒருவராவது தோட்டத்தில் பதிந்திருக்காவிட்டால், வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஐம்பத்தைந்தாம் வயதில் ஒரு தோட்டத் தொழிலாளி கூலியையும் கூரையையும் ஒருசேர இழந்தார்.

1982இல் வியன்னாவில் நடந்த முதுமை குறித்த உலக மாநாட்டின் வழியில் மலேசியா 60 வயதை முதுமையின் தொடக்கமாக ஏற்றது. நலத்துறையின் முதியோர் உதவிகள் அந்த வயதிலிருந்துதான். குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கிய சட்டம் 2013 ஜூலையில் அமலுக்கு வரும்வரை இந்த ஐந்தாண்டு இடைவெளி அப்படியே கிடந்தது. தோட்டத்துக்கு ஒருவர் கிழவர். அரசுக்கு இன்னும் ஆகவில்லை.

இதற்கிடையே தோட்டங்களே சிதறின. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டுபோட்டு விற்றார்கள். பொருளாதார அறிஞர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து எழுதினார். அப்போதைய ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் இதன் எதிர்வினையாகவே. மலாக்காவில் 1967இல் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் கோலாலம்பூரை நோக்கி நடந்தே சென்ற போராட்டம் இன்றும் நினைவுகூரப்படுகிறது. துண்டாடலின் கதை பொதுவாக வேலையிழப்பின் கதையாகவே சொல்லப்படுகிறது. லயம் கலைந்தபோது தளர்ந்தவர்களைத் தாங்கிய பக்கத்து வீடும் சேர்ந்து கலைந்தது என்பது அதில் விட்டுப்போன பகுதி.

குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தரப்படும் சிவப்பு அடையாளக் கார்டும் இங்கே வருகிறது. சுதந்திரத்தின்போது குடியுரிமைக்குப் பதியாத தோட்ட மக்கள் பலர். 1968ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதியைக் கட்டாயமாக்கியது. ஆயிரக்கணக்கானோர் இந்தியா திரும்பினார்கள். தங்கியவர்களில் சிலர் சிவப்புக் கார்டுடனேயே கிழவர்களானார்கள். நலத்துறையின் மாத உதவி குடிமக்களுக்கே உரியது என்பதால், உடல் எவ்வளவு தளர்ந்திருந்தாலும் இவர்களுடைய தேவை கணக்கிலேயே ஏறவில்லை.

தன்னைத்தானே பார்த்துக்கொள்ளக்கூடியவர்

நலத்துறை எனப்படும் சமூகநல இலாகா 1946இல் பிறந்தது. அது நடத்தும் முதியோர் இல்லங்கள் ரூமா ஸ்ரீ கெனாங்கான் எனப்படுகின்றன. மலாக்காவுக்கு உரியது செங் பகுதியில் இருக்கிறது. சேர்வதற்கான நிபந்தனைகளைப் படித்தால் அளவுகோல் மாறியிருப்பது புரியும்: 60 வயது நிறைந்தவர், ஆதரவு உறவு இல்லாதவர், வீடில்லாதவர், தொற்றுநோய் இல்லாதவர், தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ளக்கூடியவர். கடைசி நிபந்தனையை நிறைவேற்ற முடியாத நோயாளிகளுக்கு ரூமா ஏசான் என்ற வேறு வகை இல்லம். அவை கோலா குபு பாருவிலும் டுங்குனிலுமே அமைந்தன. ஒன்று சிலாங்கூர், மற்றது திரெங்கானு. ஜாசினில் வாழ்ந்து தளர்ந்தவர் ஒரு படி இறங்கினால் மாநிலத்தையே விட்டுப் போக வேண்டும்.

இப்படி இரண்டாகப் பிரிக்கும் முறை பிரிட்டிஷ் வழி. 1948ஆம் ஆண்டு தேசிய உதவிச் சட்டத்தின்படி இங்கிலாந்தில் தங்கும் இல்லங்கள் உள்ளாட்சியின் பொறுப்பாயின; மருத்துவப் பராமரிப்பு சுகாதாரத்துறையின் பொறுப்பாக இருந்தது. சமூகவியலாளர் பீட்டர் டவுன்சென்ட் அங்கே 173 இல்லங்களை நேரில் பார்த்து 1962இல் ஒரு நூல் எழுதினார். இல்லவாசிகளில் பலர் உடல் தளர்ச்சியால் வந்தவர்களே அல்லர்; வீடில்லாததாலும் உறவில்லாததாலும் வந்தவர்கள் என்பது அவர் கண்டது. மலாக்காத் தோட்டத்துக்கு இது அப்படியே பொருந்தும். செங் இல்லத்தின் விதியே வீடின்மையையும் உறவின்மையையும் தகுதியாகவும் உடல் தளர்ச்சியைத் தடையாகவும் வைத்திருக்கிறது.

மலேசியச் சட்டங்களும் அதே கோட்டில் பிரிந்தன. 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டம் நான்கு பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரை ஏற்கும் மையங்களை நலத்துறையின் கீழ் பதியச் சொன்னது. பாதுகாப்பு, மேற்பார்வை, மறுவாழ்வு, பயிற்சி ஆகியவையே அதன் பார்வையில் பராமரிப்பு. நோயாலோ தளர்ச்சியாலோ செவிலியர் துணை தேவைப்படுவோரின் இல்லம் 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதாரச் சட்டத்தின் கீழ் சுகாதார அமைச்சிடம் உரிமம் பெற வேண்டும். குளிப்பாட்டவும் எழுப்பி உட்காரவைக்கவும் ஆள் வேண்டும், ஆனால் செவிலியர் வேண்டாம் என்ற நிலையில் உள்ளவர் எந்தச் சட்டத்துக்கு உரியவர்? முதுமையில் மிக நீண்ட காலம் இந்த நடுப்படியிலேயே கழிகிறது. சட்டம் அதைப் பெயரிடவில்லை. செவிலியர் உரிமத்தின் செலவைத் தவிர்க்க விரும்பும் இல்லங்கள் எல்லோரையும் பராமரிப்பு மையத்தின் பெயரிலேயே வைத்துக்கொள்கின்றன. பதியாமலே நடத்துவோரும் உண்டு.

அதே உடல், வேறு வீடு

மருத்துவ உலகில் தேவையை அளக்கும் கருவிகள் 1960களில் வந்தன. 1963இல் கட்ஸ் ஒன்றையும் 1965இல் மஹோனியும் பார்த்தெலும் இன்னொன்றையும் வெளியிட்டார்கள். பார்த்தெல் அட்டவணை சாப்பிடுவது, குளிப்பது, உடுப்பது, கழிவறை, படி ஏறுவது என்று 10 செயல்களுக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் தருகிறது. இதைத் தோட்டத்து வீட்டில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். பழைய லயத்தில் கழிவறை வீட்டுக்கு வெளியே, வரிசையின் கோடியில். குந்தி உட்காரும் வகை. மழையில் வழுக்கும் சிமெண்டு. முட்டி தேய்ந்த பெண் அங்கே ஒவ்வொரு முறையும் மருமகளைக் கூப்பிட வேண்டும். அதே பெண் டுரியான் துங்காலில் தாமான் எனப்படும் குடியிருப்பு ஒன்றின் வீட்டுக்கு மாறினால், உட்காரும் கழிவறையும் சுவரில் ஒரு கைப்பிடியும் இருந்தால், துணையில்லாமல் போய்வருவார். மாறியது வீடு மட்டுமே.

துணைக்கு இருந்தவர்களும் மாறினார்கள். 1970களில் பத்து பெரண்டாம் சுதந்திர வர்த்தக வட்டாரத்தின் மின்னணுத் தொழிற்சாலைகள் தோட்டத்துப் பெண்களையும் ஷிப்ட் வேலைக்கு இழுத்தன. கித்தா போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவு. பின்பு அந்த ஆளும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தார். இளையோர் பட்டணம் போனார்கள். முதியோரை இல்லத்தில் விடுவதைப் பிள்ளைகளின் நன்றிகெட்டதனமாகவே நம் மேடைகள் பேசுகின்றன. இரவு ஷிப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு வீடு திரும்பும் மகள், அதற்குள் அம்மாவை யார் குளிப்பாட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறோம் என்பதை அந்த மேடைகள் விளக்குவதில்லை.

நோயும் படியை இறக்கியது. 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வு மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியர்களிடம் அது 31.4 சதவீதம். காலிழப்பு, பார்வையிழப்பு, டயாலிசிஸ் எல்லாம் இதன் தொடர்ச்சி. நடமாடுபவராக இல்லம் புகுந்தவர் ஒரு கால்புண்ணால் சக்கர நாற்காலிப் படிக்கு இறங்குகிறார். புண்ணைத் துடைத்துக் கட்டுவது செவிலியர் வேலை. இல்லத்துக்கோ செவிலியர் உரிமம் இல்லை.

நாடாளுமன்றம் 2018ஆம் ஆண்டுத் தனியார் முதியோர் சுகாதாரப் பராமரிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. தங்குமிடத்தையும் மருத்துவப் பராமரிப்பையும் சுகாதார அமைச்சின் ஒரே கூரைக்குள் கொண்டுவருவது அதன் நோக்கம். இங்கிலாந்து 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே இரண்டு வகை இல்லங்களையும் ஒரே பதிவுமுறைக்குள் கொண்டுவந்துவிட்டது. மலேசியச் சட்டமோ நிறைவேறிய பின்னும் ஆண்டுக்கணக்கில் அமலுக்கு வராமல் கிடந்தது. முதியோர் மாத உதவி 2021இல் 500 ரிங்கிட் ஆனது. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் அதை 600 ஆக்கியது. தனியார் இல்லத்தின் மிகக் குறைந்த கட்டணம்கூடப் பொதுவாக ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டிவிடும். படி இறங்க இறங்கக் கட்டணம் கூடுகிறது. உதவித்தொகையோ நடப்பவருக்கும் படுத்திருப்பவருக்கும் ஒன்றே. படுத்த படுக்கையானவர்களைப் பார்த்துக்கொள்வோருக்குத் தனி உதவி உண்டு என்றாலும் அது வீட்டில் பார்த்துக்கொள்பவரை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. சிவப்புக் கார்டுக்காரருக்கு முதியோர் மாத உதவி எந்தப் படியிலும் கிடையாது.