ஜிவ்யா சோமா மஷே

ஜிவ்யா சோமா மஷே (1934 – 15 மே 2018) மகாராட்டிரத்தைச் சேர்ந்த வார்லிப் பழங்குடி ஓவியர். யாரிடமும் பாடம் கேட்காமல் தானே வரைந்து பழகியவர். கல்யாண வீட்டுச் சுவரில் பெண்கள் மட்டுமே வரைந்துவந்த சடங்கு ஓவியத்தை, எந்த நாளிலும் எவரும் வரையக்கூடிய கலையாக மாற்றியவர்.

இளமை

மஷே பிறந்த ஊர் தலாசரி வட்டத்திலுள்ள தாமன்காவ். அன்று தாணே மாவட்டத்தில் இருந்த இந்தப் பகுதி, 2014 முதல் பால்கர் மாவட்டத்தில் உள்ளது. ஏழு வயதில் தாயை இழந்தார். அந்த அதிர்ச்சியில் பேச்சு நின்றுபோனது. பல ஆண்டுகள் வாய் திறக்காத சிறுவன், சொல்ல வேண்டியதை மண்ணில் கோடு கிழித்துக் காட்டினான். ஊராருக்கு அவன் படம் போடுகிற பையனாகத் தெரியவந்தது அப்படித்தான்.

வார்லி மக்களுக்கு அது கொடிய காலம். நிலம் பண்ணையாரிடம் இருந்தது. கடனுக்கு ஈடாக உழைப்பு போனது. 1945-இல் கோதாவரி பருலேகர், சாம்ராவ் பருலேகர் இருவரும் விவசாயிகள் சங்கத்தின் வழியே நடத்திய வார்லி எழுச்சியின் களமே தலாசரி வட்டாரம்தான். மஷேயின் குடும்பம் பின்னர் டஹாணு வட்டத்தில் குடியேறியது. கஞ்சாட் ஊரின் பகுதியான கலம்பிபாடாவே கடைசிவரை அவருக்கு வீடானது.

சுவரில் இருந்த கலை

வார்லிக் கல்யாணத்துக்குச் 'சௌக்' வேண்டும். சாணமும் செம்மண்ணும் பூசிய உட்சுவரில், சுமங்கலிப் பெண்கள் அரிசிமாவைக் கரைத்து, மூங்கில் குச்சியின் நுனியை நைத்துத் தூரிகையாக்கி, ஒரு பெரிய சதுரம் வரைவார்கள். அதற்குள் தாய்த்தெய்வமான பாலகாட் தேவி இருப்பாள். சுற்றிலும் மரம், மலை, மனிதர், விலங்கு. மனித உடல் என்பது நுனியில் ஒட்டிய இரண்டு முக்கோணங்கள். தலைக்கு ஒரு வட்டம். நிறம் வெள்ளை ஒன்றே. மாக்கோலமும் காவியும் பார்த்து வளர்ந்த தமிழருக்கு இந்தப் பொருள்கள் புதியவை அல்ல.

இதில் ஆண்களுக்கு வேலை இல்லை. மஷே அந்த எல்லையைத் தாண்டினார். சடங்குக்குக் காத்திராமல், தோன்றியபோதெல்லாம் வரைந்தார்.

காகிதம் வந்தது

1970-களின் தொடக்கத்தில் மும்பை ஓவியர் பாஸ்கர் குல்கர்ணி டஹாணு பகுதிக்கு வந்தார். 1960-களில் பீகார் வறட்சியின்போது, கைவினை வளர்ச்சிக்குப் பாடுபட்ட புபுல் ஜெயகரின் முயற்சியில், அங்கே சுவரில் வரைந்துவந்த மதுபனிப் பெண்களிடம் காகிதம் கொண்டுபோனவரும் இவர்தான். வார்லிப் பெண்களைத் தேடி வந்தவரின் கண்ணில், கை ஓயாமல் வரையும் ஓர் ஆண் பட்டார். அவர்தான் மஷே. அவர் ஓவியம் சுவரிலிருந்து காகிதத்துக்கு வந்தது. 1975-இல் மும்பையின் செமூல்ட் கலைக்கூடத்தில் மஷேயின் படங்கள் காட்சிக்கு வந்தன. அடுத்த ஆண்டே தேசிய விருது.

ஓவியங்கள்

சுவர்ச் சதுரத்திலிருந்து வெளியே வந்ததும் மஷேயின் உலகம் விரிந்தது. தெய்வத்தின் இடத்தில் அன்றாட உழைப்பு வந்து அமர்ந்தது: நாற்று நடுகை, கதிரடிப்பு, எறும்புச் சாரி, சுரைக்குடுக்கையில் செய்த தார்பா என்ற ஊதுகருவியைச் சுற்றிச் சுழலும் ஆட்டம். அவருடைய மீன்வலைப் படங்கள் பெயர்பெற்றவை. மயிரிழைக் கோடுகளால் பின்னிய வலை கித்தானை முழுக்க மூடிக்கொள்ளும். மீனும் மீனவரும் ஓரங்களில் சின்னஞ்சிறு உருவங்களாக நிற்பார்கள்.

அவர் கோடு ஒரே இழுப்பில் போவதில்லை. புள்ளியும் கீற்றுமாக உடைந்து உடைந்து ஓடும். அதனால் வேரூன்றிய மரம்கூட அசைவதுபோல் தெரியும். புகழ் வந்த பிறகும் வண்ணங்களைக் கூட்டவில்லை. சாணமோ செம்மண்ணோ பூசிய துணியும் வெள்ளையும் போதுமென்றே இருந்தார். அந்தச் சிக்கனமே அவர் வலிமை.

உலக அரங்கில்

1989-இல் பாரிசின் பொம்பிடு மையம் நடத்திய 'பூமியின் மந்திரவாதிகள்' கண்காட்சியில் அவர் படைப்புகள் இடம்பெற்றன. 2003-இல் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில், பிரித்தானியக் கலைஞர் ரிச்சர்ட் லாங்குடன் இணைந்து காட்சி வைத்தார். 2009-இல் நெதர்லாந்தின் பிரின்ஸ் கிளாஸ் விருதும், 2011-இல் பத்மஸ்ரீயும் வந்தன.

உக்ரைனின் மரியா பிரிமாச்சென்கோவை (1909 – 1997) இவரோடு சேர்த்து நினைக்கலாம். போலோட்னியா என்ற சிற்றூரில் பிறந்து, சிறுவயதில் போலியோவால் அவதியுற்று, ஓவியப் பள்ளிப் படிப்பின்றி விசித்திர விலங்குகளை வரைந்தவர் அவர். 1937-இல் பாரிஸ் உலகக் கண்காட்சிவரை அவர் படங்கள் போயின. வீட்டுப் பெண்களின் கைவேலையிலிருந்து கிளம்பியவை என்பது இரண்டு பேரின் கலைக்கும் பொது.

மரபும் வாரிசும்

மஷே கையாண்ட முக்கோணமும் வட்டமும் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் உருவாக்கியவை. அவர்களில் பெரும்பாலோர் பெயர் பதிவாகவில்லை. காகிதம் சந்தைக்குப் போனபோது வரைய முன்வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பரிசுகளும் அவர்களையே முதலில் சேர்ந்தன. மஷேயின் சாதனையைச் சொல்லும்போது இந்தக் கடனையும் சொல்வதே நியாயம்.

அவர் மகன்கள் சதாசிவ், பாலு இருவரும் ஓவியர்கள். 2014-இல் வார்லி ஓவியம் புவிசார் குறியீடு பெற்றது. மஷேயைப் பின்பற்றிய டஹாணு, தலாசரி வட்டார இளைஞர்கள் பலருக்கு இன்று இந்த ஓவியமே பிழைப்பு.