ஹாடோவிலிருந்து கீழ்ப்பாக்கம் வரை

சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி வரும் நம் உறவினர், மூன்று நாட்கடலைக் கடந்து முதன்முதலாகக் கால் வைக்கும் இடம் ஹாடோத் துறை. அதற்குப்பின் டங்கன் நீரிணையைத் தாண்டி ஹட் பே வந்து சேர இன்னொரு கப்பல். ஆகவே ஹாடோ என்னும் பெயர் நம் வீட்டுச் சிறுவர்க்கும் பழக்கமானதே. ஆயினும் அந்த ஹாடோவில் ஒரு காலத்தில் பித்தர் விடுதி ஒன்று இருந்தது என்பதை அறிந்தார் சிலரே. அங்கிருந்து 1913ஆம் ஆண்டில் இளைஞர் ஒருவர் மனநோயாளராகச் சென்னைக்குக் கொண்டு செல்லப்பட்டார். நாம் வந்த வழியிலே எதிர்முகமாக நிகழ்ந்த பயணம் அது. மனநோய் என்றால் என்ன, அது எதனால் வருகிறது, எவ்வாறு தன்னைக் காட்டிக்கொள்கிறது என்று எண்ணிப் பார்க்க அவருடைய வரலாற்றைக் காட்டிலும் அண்மையான சான்று நமக்கு வேறில்லை.

அவர் பெயர் உல்லாஸ்கர் தத். 1885இல் கிழக்கு வங்காளத்துக் காளிகச்சா என்னும் ஊரிற் பிறந்தவர். வங்காளியரை இழித்துப் பேசிய ஆங்கிலேயப் பேராசிரியரை அடித்தமைக்காகக் கல்லூரியை இழந்தவர். 1908இல் அலிப்பூர் வெடிகுண்டு வழக்கிற் பிடிபட்டு, தூக்குத் தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் அது ஆயுள்தண்டனையாகக் குறைய, அந்தமானுக்கு அனுப்பப்பட்டார். பெயருக்கேற்ற உல்லாச மனிதர். மரண தண்டனை விதிக்கப்பட்ட வேளையில் நீதிமன்றத்திலேயே தாகூரின் பாட்டொன்றைப் பாடி அனைவரையும் வியக்கச் செய்தவர் அவர். உடன் சிறைப்பட்டோரை நகைச்சுவையால் தேற்றி வந்தவரும் அவரே.

இதனை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மனநோய் கோழையரைப் பற்றுவது, தைரியம் உள்ளவனை அது அணுகாது என்றொரு நம்பிக்கை நம்மிடையே வேரூன்றி இருக்கிறது. தூக்குக் கயிற்றைப் பாட்டால் எதிர்கொண்டவரினும் தைரியசாலியை எங்கே தேடுவது?

செல்லுலார் சிறையில் அவரைத் தேங்காய்ச் செக்கில் பூட்டினர். செக்கென்றதும் நமக்குக் கோவைச் சிறையும் வ. உ. சி.யும் நினைவுக்கு வருவர். இங்கும் அதே கொடுமைதான். நாளொன்றுக்கு 30 ராத்தல் எண்ணெய் ஆட்டித் தரவேண்டும். பின்னர்ச் சிறைக்கு வெளியே செங்கற் சூளையில் வேலை. கடும் வெயிலில் மேலும் மேலும் உழைக்க முடியாதென்று அவர் மறுத்தபோது மீண்டும் சிறைக்குட் கொணர்ந்து, 1912 ஜூன் மாதத்தில், கைவிலங்கைச் சுவரில் மாட்டி நின்றபடியே இருக்கவைத்தனர். அந்நிலையிலேயே கடுங்காய்ச்சல் கண்டது. காய்ச்சலின் உச்சத்தில் ஜெயிலர் பாரி தம்மை வாட்போருக்கு அழைப்பதாகவும், தமக்காகச் சாவர்க்கர் நின்று பொருததாகவும் அவருக்குத் தோன்றிற்றாம். தம் உடலில் மின்சாரம் பாய்ச்சப்பட்டதையும் பிற்காலத்தில் அவர் எழுதியிருக்கிறார். காய்ச்சல் தணிந்தது, சித்தம் தெளியவில்லை. ஹாடோ விடுதிக்கு அனுப்பினர். மறு ஆண்டு சென்னைக்கு. அதே 1912 ஏப்ரலில் அச்சிறையின் மற்றோர் அரசியற் கைதியாகிய இந்துபூஷண் ராய், துன்பம் பொறாது தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

இனி, காரணம் யாது? மலேரியாக் காய்ச்சலே காரணம் என்றது நிர்வாகம். சிறைக்கொடுமையே காரணம் என்றனர் தோழர்கள். கொடுமைக்குப் பொறுப்பேற்க விரும்பாதவர்க்குக் கொசு நல்ல துணைதான்! ஆனால் இன்றைய மருத்துவ அறிவைக் கொண்டு நோக்கினால், இவ்விரு தரப்பாரும் ஒரே ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டனர் என்றே தோன்றுகிறது. கடுங்காய்ச்சலில் மூளை தடுமாறி இல்லாததைக் காண்பதும் பிதற்றுவதும் உண்டு. நம் பெரியோர் அதனைச் சன்னி என்றனர். அது உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டிய நிலை. ஆனால் காய்ச்சல் நீங்கிய பின்னும் குழப்பம் நீடிப்பதற்குக் காய்ச்சல் மட்டும் விடையாகாது. உறக்கமின்மை, தனிமை, அவமானம், ஓயாத அச்சம் ஆகிய யாவும் மூளையைத் தாக்குகின்றன. பிறவியிலேயே சிலர்க்கு இத்தாக்குதலைத் தாங்கும் ஆற்றல் குறைவு. சில குடும்பங்களில் இந்நோய் தொடர்ந்து காணப்படுவதும் உண்மை. உடலும் பரம்பரையும் வாழ்க்கைத் துயரும் மூன்று ஓடைகளாக வந்து கலக்கும்போதுதான் பெரும்பாலும் வெள்ளம் கரைமீறுகிறது. ஒன்றை மட்டும் சுட்டிப் பழிபோடுதல் எளிது. அதனால் நோயாளிக்குப் பயனில்லை.

நம் முன்னோர் இதனைப் பேயின் செயலென்று மட்டும் கருதினர் என்பது தவறு. அகத்தியர் பெயரால் வழங்கும் கிரிகை நூல் பதினெட்டு வகை மனக்கோளாறுகளைப் பிணிகளாகவே வகுத்து, மருந்தும் கூறுகிறது. பித்து என்ற சொல்லே பித்தத்தோடு உறவுடையது. ஆங்கிலேயர் வந்த பின், 1794இல் வாலண்டைன் கானலி என்னும் மருத்துவர் சென்னைப் புரசைவாக்கத்தில் ஒரு பித்தர் இல்லம் அமைத்தார். 1871இல் அது 145 நோயாளிகளுடன் கீழ்ப்பாக்கத்து லோக்காக் தோட்டத்திற்கு மாறிற்று. உல்லாஸ்கர் ஏறத்தாழ ஏழாண்டு கழித்தது இச்சென்னை விடுதியிலேதான். 1922இல் பித்தர் விடுதி என்ற பெயர் மறைந்து மனநோய் மருத்துவமனை என்றாயிற்று. நோயறிந்து தரும் மாத்திரைகள் 1952க்குப் பின்னரே உலகிற்குக் கிடைத்தன. 1961இல் அதன் தலைமையேற்ற டாக்டர் சாரதா மேனன், அடைத்துவைக்கும் இடமாக இருந்ததைக் குணப்படுத்தி அனுப்பும் இடமாக்க அரும்பாடுபட்டார். இத்துணை வரலாறும் உடைய ஊர்ப்பெயர், நம் பேச்சில் இன்னும் ஒரு வசவாகவே நிற்கிறது. "கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்ப வேண்டியதுதான்" என்று எத்துணை எளிதாகச் சொல்லிவிடுகிறோம்!

வசவுக்கு அஞ்சியே மறைக்கிறோம். பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும், பிள்ளைக்கு வேலை போய்விடும் என்று அஞ்சி, பிணியுற்றவரை அறைக்குள் வைப்போரும் உண்டு. ஊருக்கு அனுப்பி ஏதேனும் தர்காவிலோ கோயிலிலோ விட்டு வருவோரும் உண்டு. நம்மிற் பலர்க்குச் சொந்த மாவட்டமாகிய இராமநாதபுரத்தில், ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் ஒரு கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் ஓட வழியின்றி மாண்டனர். இறந்தோர் 28 பேர். 1912ஆம் ஆண்டுப் பித்தர் சட்டத்தின் இடத்தில் 1987ஆம் ஆண்டுச் சட்டம் வந்தும் சங்கிலி ஒழியவில்லை. சங்கிலியிடுவதை வெளிப்படையாகத் தடை செய்தது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம்.

மறைக்காமல் கவனிக்க வேண்டிய குறிகள் எவை? இரவில் உறக்கம் கெடுதல். குளியலும் உடையும் உணவும் பொருட்டாகாமற் போதல். யாருமில்லா இடத்தில் குரல் கேட்பதாகக் கூறுதல். வீட்டார் நஞ்சிடுவதாக ஐயுறுதல். இவை பெரும்பாலும் பதின்மூன்று பதினான்கு வயதில் அன்று, இருபதையொட்டிய பருவத்தில் தலைகாட்டும். படிப்பில் திடீரென நாட்டமிழந்த பிள்ளையைச் சோம்பேறி என்று அடிப்பதற்கு முன் சற்றே எண்ணுக. மனச்சோர்வு இதனின் வேறு. இரண்டு வாரத்திற்கு மேலாக எதிலும் மகிழ்வின்மை, காரணமறியா உடல்வலி, நான் எதற்கும் உதவாதவன் என்னும் எண்ணம் ஆகியவை அதன் குறிகள். ஆடவரில் அது அழுகையாக வராமல் எரிச்சலாகவும் குடியாகவும் வருவதுண்டு.

துயரம் அனைத்தும் நோயாகாது என்பதையும் நம் ஊரே அறியும். 2004 டிசம்பர் 26இல் கடல் ஹட் பேயை விழுங்கவந்த பின், அலையோசை கேட்டால் எழுந்து ஓடியவர்களும், பல மாதம் கண்மூடாதவர்களும் இருந்தனர். பெங்களூர் நிமான்ஸ் மருத்துவக் குழுவினர் சில நாட்களிலேயே இத்தீவுகளுக்கு வந்தனர். பெரும்பாலோர்க்கு அந்நடுக்கம் உற்றார் துணையாலும் மீண்டும் கிடைத்த வேலையாலும் மெல்லத் தணிந்துவிடும், சிலர்க்குத் தணியாது. தணியாதவர்க்கு அன்று தேவைப்பட்டது அறிவுரையன்று, மருத்துவம். கப்பலுக்குக் காத்திராமல் மருத்துவரின் ஆலோசனை பெற, 2022 அக்டோபரிலிருந்து டெலி மானஸ் என்னும் அரசு உதவி 14416 என்ற தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் கிடைக்கிறது. தமிழிலும் பேசலாம்.

உல்லாஸ்கர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். 1920இல் விடுதலை பெற்றுக் கல்கத்தா திரும்பினார். தாம் பட்டதையும், தம் சித்தம் தடுமாறியதையும், கண்ட மாயத் தோற்றங்களையும் ஒளிக்காமல் நூலாக எழுதினார். 1907இல் சென்னைக் கடற்கரையில் முழங்கிய விபின சந்திர பாலின் மகள் லீலாவை அவர் இளமையிலேயே விரும்பியிருந்தார். அவ்வம்மையார் கைம்பெண்ணாகி, உடல் முடங்கியிருந்த நிலையில், 1948இல், தமது அறுபத்து மூன்றாம் வயதில் அவரை மணந்து பேணினார். அசாம் மாநிலத்துச் சில்சாரில் 1965 மே 17ஆம் நாள் காலமானபோது அவருக்கு வயது எண்பது. ஹாடோவில் அவரைக் கப்பலேற்றி அப்போது 52 ஆண்டுகள் ஆகியிருந்தன.