ஆண்டாள் ஊரும் எம்.எல்.வி. குரலும்

ராஜபாளையத்திலிருந்து மதுரை சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர். பதினொரு நிலைகளுடன் 192 அடி உயரத்தில் நிற்கும் கோபுரம் ஊருக்கு வெளியிலேயே தெரிந்துவிடும். ஆண்டாள் அவதரித்த ஊர். மார்கழி பிறந்தால் திருப்பாவையின் 30 பாசுரங்களும் நாளுக்கு ஒன்றாக ஒலிக்கும். கோயிலுக்குள் அதைக் கோஷ்டியாகச் சேவிப்பார்கள். அங்கே ராக ஆலாபனை எல்லாம் கிடையாது. தாளமும் அபிநயமும் கொண்ட அரையர் சேவை இன்றும் நடக்கும் மிகச் சில தலங்களில் இதுவும் ஒன்று.

ஆனால் கோயிலுக்கு வெளியே, வானொலியிலும் தெருமுனை ஒலிபெருக்கியிலும் தமிழ்நாடே கேட்டுப் பழகிய திருப்பாவை வேறு. அது எம்.எல். வசந்தகுமாரியின் குரல். அந்தக் குரல் ஒரு சினிமாப் பின்னணிப் பாடகியின் குரலும்கூட என்றால் சிலருக்குக் கோபம் வரலாம்!

எம்.எல்.வி. 1928-ம் ஆண்டு ஜூலை 3-ம் தேதி பிறந்தவர். தாயார் லலிதாங்கி, புரந்தரதாசர் கீர்த்தனைகளுக்குப் பெயர் பெற்ற பாடகி. தந்தை கூத்தனூர் அய்யாசாமி ஐயரும் சங்கீதக்காரர். குரு ஜி.என். பாலசுப்பிரமணியம். இந்த ஜி.என்.பி. சாதாரண ஆள் இல்லை. மின்னல் வேகப் பிருகாக்களுக்குப் பெயர் போனவர். 1940-ல் வந்த 'சகுந்தலை' படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு ஜோடியாக துஷ்யந்தனாக நடித்தவரும் அவர்தான். ஆகவே சிஷ்யை சினிமாவுக்குப் போனதில் குருவின் வீட்டில் அதிர்ச்சி எதுவும் இருந்திருக்க முடியாது.

சிறையிலிருந்து வெளிவந்த தியாகராஜ பாகவதர் நடித்த 'ராஜமுக்தி' (1948) படத்தில் எம்.எல்.வி. பின்னணி பாடினார். அந்தக் காலத்தை யோசித்துப் பாருங்கள். நடிப்பவரே பாட வேண்டும் என்ற நிலை மாறி, ஒருவர் பாட இன்னொருவர் வாயசைக்கும் முறை அப்போதுதான் வேரூன்றிக் கொண்டிருந்தது. கச்சேரியில் ஒரு ராகத்தை மணிக்கணக்கில் பாடக் கூடியவர், இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்கும் மூன்று சொச்ச நிமிடத்துக்குள் அதைச் சொல்லிவிட வேண்டும்.

1951-ம் ஆண்டு அவருக்குப் பெரிய ஆண்டு. (அப்போது சென்னை மாநில முதல்வர் ராஜபாளையத்துக்காரரான குமாரசாமி ராஜா. ஊரில் இருந்த தன் வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்கே கொடுத்தவர் அவர்.) அண்ணாவின் 'ஓர் இரவு' படத்தில் எம்.எல்.வி. பாடிய குறத்திப் பாட்டு பட்டி தொட்டியெல்லாம் ஒலித்தது. அதே ஆண்டில் கலைவாணர் இயக்கிய 'மணமகள்' வந்தது. இசை சி.ஆர். சுப்பராமன். அதில் பாரதியின் 'சின்னஞ்சிறு கிளியே' பாடலை ராகமாலிகையாக எம்.எல்.வி.யும் வி.என். சுந்தரமும் பாடினார்கள். பிறகு நடந்ததுதான் வேடிக்கை. எம்.எல்.வி. அந்த சினிமா மெட்டைக் கச்சேரி மேடைக்கே எடுத்துக்கொண்டு போனார்! இன்று கர்நாடக சங்கீத மேடைகளிலும் நாட்டிய அரங்குகளிலும் அந்தப் பாட்டு பெரும்பாலும் ஒலிப்பது சுப்பராமன் போட்ட மெட்டில்தான். சினிமா சங்கீதத்தைக் கெடுத்துவிட்டது என்று பேசுபவர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ தெரியாது.

எம்.ஜி.ஆர். நடித்த 'மதுரை வீரன்' (1956) படத்தில் அவர் பாடிய 'ஆடல் காணீரோ' பாட்டும் சாஸ்திரிய இசையின் வாசனை மாறாத ஒன்று. அதற்குப் பின் பி. சுசீலா போன்றவர்களின் காலம் வந்தது. எம்.எல்.வி. மெல்ல மெல்லக் கச்சேரி மேடைக்கே முழுமையாகத் திரும்பினார்.

திருப்பாவைக்கு வருவோம். பாசுரங்களுக்கு ராகம் அமைத்துக் கச்சேரியில் பாட வழி செய்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். முதல் ஐந்து பாசுரங்களுக்கு அவர் வைத்த ராகங்கள் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் அமைந்த அதே கன ராகங்கள், அதே வரிசை. சபாவுக்குள் இருந்த இந்த ஏற்பாட்டைச் சமையலறை வரை கொண்டு வந்தது எம்.எல்.வி.யின் பதிவு. ராகம் தெரியாதவர்களுக்கும் அந்தப் பாட்டு மனப்பாடம். சொல்லைச் சிதைக்காமல், குறைந்த நேரத்தில், முதல் அடியிலேயே ராகத்தைக் காட்டிவிடுகிறார். இந்தச் சுருக்கம் அவருக்கு ஒலிப்பதிவு மைக்கின் முன்னால் நின்ற ஆண்டுகளில் கைவந்தது என்றே தோன்றுகிறது. கச்சேரிப் பயிற்சியால் மட்டும் வரக் கூடியது அல்ல அது.

சங்கீத உலகமும் அவரைத் தள்ளி வைக்கவில்லை. 1967-ல் பத்ம பூஷண். 1977-ல், 49 வயதில், சங்கீத கலாநிதி விருது. எம்.எஸ்., டி.கே. பட்டம்மாள், டி. பிருந்தா ஆகியோருக்கு அடுத்து அதைப் பெற்ற பாடகி அவர். 1990 அக்டோபர் 31-ம் தேதி காலமானார்.

அவருடைய மகள்தான் நடிகை ஸ்ரீவித்யா. 1975-ல் வந்த 'அபூர்வ ராகங்கள்' படத்தில் அவருக்குக் கர்நாடக சங்கீதப் பாடகி வேடம். தாயார் எத்தனையோ நடிகைகளுக்குக் குரல் கொடுத்தவர். மகளோ பாடகியாக நடித்து வாணி ஜெயராமின் குரலுக்கு வாயசைத்தார். எம்.எல்.வி.யின் சிஷ்யை சுதா ரகுநாதன் 'இவன்' (2002) படத்தில் இளையராஜா இசையில் பாடினார். 2013-ல் அவருக்கும் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது.